வெள்ளைக்காரி பார்த்த வண்டி

கார் வாங்கப் போகிறவர்கள் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போவார்கள், விவரம் தெரிந்த மச்சானைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அடுப்புக்காரர் ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனார்.

பழைய கார்கள் விற்கும் கொட்டகை அது. மேலே தகரம், கீழே எண்ணெய் குடித்துக் கறுத்த மண். வரிசையாக நின்ற கார்களின் கண்ணாடிகளில் தூசி படிந்திருந்தது. கொட்டகைக்காரரை எல்லோரும் சாவி என்றுதான் கூப்பிட்டார்கள். இடுப்பில் ஒரு பெரிய வளையம் நிறையச் சாவிகளைக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார். நடந்தால் மாடு வருவதுபோலச் சத்தம் கேட்கும்.

அடுப்புக்காரர் ஒரு காரின் பின்கதவைத் திறந்து, சிலிண்டரை உள்ளே நிற்கவைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டி, இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடியது. அடுத்த காருக்குப் போனார். சாவி பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

“அண்ணே, எஞ்சினைப் பாக்க மாட்டீங்களா?”

“எஞ்சின் இருக்குல்ல?”

“இருக்கு.”

“அப்ப சரி. இது நிக்கணும். பிரேக் போட்டா சாயக்கூடாது. அதான் எனக்கு முக்கியம்.”

கொட்டகை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அடுப்புக்காரரின் மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கிலிருந்து போன குழாய், மடியில் இருந்த இன்னொரு சின்ன சிலிண்டரில் முடிந்தது. பேசுவதற்குமுன் ஒரு மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பேசுவாள்.

“அவர் இப்படித்தான் தம்பி. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட… மூஞ்சியப் பாக்கல. மூட்டை தூக்குவியான்னு கேட்டாரு.”

சாவி சிரித்தார். அடுப்புக்காரர் சிரிக்கவில்லை. சிலிண்டர் மறுபடியும் ஆடிவிட்டது.

கணவன் மனைவி இருவரும் ஒரே பேக்கரியில் வேலை பார்த்தவர்கள். அவர் அடுப்படி. வாலிபத்தில் அடுப்பு வாய்க்கு முன்னால் போய் நின்றதிலிருந்து புருவம் ஒருநாளும் முழுசாக வளர்ந்ததில்லை. நீளமான மரத் துடுப்பால் ரொட்டித் தட்டுகளை உள்ளே தள்ளுவதும் இழுப்பதுமாக ஒரே காலில் பாரம் போட்டு நின்று நின்று, இடது முட்டி மடக்க வராமல் இறுகிப்போனது. அவள் மாவு அறை. மூட்டையைப் பிரித்துக் கொட்டி, சலித்து, பிசையும் தொட்டிக்கு அனுப்புவது அவள் வேலை. அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதையும் திறந்தால் மாவு பறக்கிறதென்று மூடியே வைத்திருப்பார்கள். வெயில் கோடு போல உள்ளே விழும்போது காற்றில் மாவு மிதப்பது தெரியும். அதில்தான் அவள் பேசினாள், பாடினாள், கொட்டாவி விட்டாள், மற்றப் பெண்களோடு வம்பளந்தாள். ஆள் நல்ல கறுப்பு. வேலை முடிந்து வெளியே வரும்போது இமை, மூக்கு, காதுமடல் எல்லாம் வெளுத்திருக்கும். பேக்கரியில் அவளுக்கு வெள்ளைக்காரி என்று பெயர் வைத்தார்கள். அவளும் அந்தப் பெயரை ரசித்தாள். “வெள்ளைக்காரி வரேன், வழி விடுங்கடா” என்று அதட்டிக்கொண்டு போவாள்.

மாவு அறையில் இருமாதவர்கள் கிடையாது. மாவு இருமல் என்று அதற்கு ஒரு பெயரும் இருந்தது. பெயர் இருந்ததாலேயே அதை யாரும் நோயாக நினைக்கவில்லை. வெள்ளைக்காரிக்கு இருமல் போய் இளைப்பு வந்தது. வீட்டு வாசல்படி ஏறுவதற்குள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை சீவினால் மூச்சு வாங்கியது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கின்முன் பிடித்துப் பார்த்துவிட்டு, “என்ன வேலைம்மா பாத்தீங்க?” என்று கேட்டார். சொன்னாள். அவர் படத்தைக் கீழே வைத்துவிட்டு வேறெதுவும் கேட்கவில்லை.

பிறகு வீட்டில் காற்று கொடுக்கும் மிஷின் வந்தது. வெளியே போனால் கையில் சிலிண்டர். ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போகவேண்டியிருந்தது. ஆட்டோக்காரர்கள் நிற்பார்கள், சிலிண்டரைப் பார்த்ததும் வண்டியை எடுத்துவிடுவார்கள். “வெடிக்காதுப்பா, இது காத்துதான்” என்று அடுப்புக்காரர் கையை நீட்டிக்கொண்டு பின்னால் ஓடுவார். ஒரு மழைநாளில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது வண்டியே கிடைக்கவில்லை. மூடியிருந்த ஒரு கடையின் ஷட்டருக்கு அடியில் இருவரும் ஒதுங்கி நின்றார்கள். சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டே வந்தது. அவள் உதடு நீலம் பாரித்தது. கடைசியில் ஒரு பால் வண்டிக்காரன் காலி டப்பாக்களுக்கு நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்து விட்டான். மிஷினை மாட்டி, அவள் முகம் பழையபடி கறுத்ததும், அடுப்புக்காரர் ஈரச் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:

“உனக்கு ஒரு கார் வாங்கறேன்.”

அவள் ரொம்ப நேரம் அவரையே பார்த்தாள். “நான்தான் பாத்து எடுப்பேன். சம்மதமா?” என்றாள்.

“நீயே எடு. நம்ம கைக்கு அடக்கமா, வழியில நிக்காத வண்டியா இருக்கணும். அவ்ளோதான்.”

பேக்கரியில் கணக்கு முடித்துக் கொடுத்த பணம் கையில் இருந்தது. ஒரு காலத்தில் டெலிவரி வேன்காரர் லீவு போட்டால் இவர்தான் ரொட்டி கொண்டுபோய்ப் போடுவார், அதனால் லைசென்ஸும் இருந்தது. அப்படித்தான் சாவியின் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அடுப்புக்காரருக்கு ஒரு வண்டி பிடித்துவிட்டது. கொஞ்சம் பெரியது. பின்சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் நடுவில் சிலிண்டர் செருகினதுபோல நின்றது. முன்சீட்டைச் சாய்த்தால் கட்டில் மாதிரி ஆனது. “இங்க வந்து உக்காந்து பாரேன்” என்று மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். அவள் உட்கார்ந்தாள். சாய்ந்தாள். எழுந்தாள்.

“படகு மாதிரி இருக்கு. நம்ம தெருவுல திரும்புமா இது?”

“திருப்பிக்கலாம்.”

“நீங்களா? ரொட்டி வேன்ல… முனைக்கடை பந்தலை இழுத்துட்டு வந்த ஆளு.”

“அது பிரேக் கோளாறு.”

“பந்தலுக்குத்தான் பிரேக் இல்ல” என்றாள். சிரிக்க வந்த மூச்சு இருமலாக மாறி, அடங்க நேரமாயிற்று. அடங்கினதும் ஓரமாக நின்ற ஒரு சின்னக் காரைக் கைகாட்டினாள். நன்றாக வெந்த ரஸ்கின் நிறம். “அது என்ன தம்பி?”

“அது கியர் இல்லாத வண்டிக்கா. காலுக்கு வேலையே இல்ல. ஆக்ஸிலேட்டர், பிரேக் ரெண்டே ரெண்டு. வாத்தியார் ஒருத்தர் வச்சிருந்தாரு, அலுங்காம ஓட்டியிருக்காரு.”

“இடது காலுக்கு வேலை இல்லையா?”

“இல்லவே இல்ல.”

அவள் அடுத்தடுத்துக் கேட்க ஆரம்பித்தாள். ஹைவேயில் நெடுந்தூரம் போனால் சூடாகுமா? டயர் பஞ்சரானால் ஒரு ஆளாகவே மாற்ற முடியுமா, கூட ஒருத்தர் வேண்டுமா? வழியில் நின்றால் எந்த ஊர் மெக்கானிக்குக்கும் இந்த வண்டி தெரியுமா? சீட்டை உயர்த்த முடியுமா, குட்டையான ஆளுக்கு ரோடு தெரிய வேண்டாமா?

“அக்காவுக்கு வண்டி விவரம் நல்லாத் தெரியுது” என்றார் சாவி.

அடுப்புக்காரர் பின்கதவைத் திறந்து சிலிண்டரை நிறுத்தப் பார்த்தார். இடமில்லை. அது நிற்கவே நிற்காது. “இது வேணாம்” என்று கதவைச் சாத்தினார்.

“இதான் வேணும்” என்றாள் அவள்.

அன்றைக்கு ஒன்றும் முடிவாகாமல் திரும்பினார்கள். அடுத்த தடவையும் அதே கதை. வேறு ஒரு கொட்டகைக்கும் கூட்டிப்போனார். அங்கே அவள் இறங்கவேயில்லை, வந்த வாடகைக் காரில் உட்கார்ந்தபடியே தலையை ஆட்டிவிட்டாள். வீட்டில் பேச்சு குறைந்தது. அவர் பாலைக் காய்ச்சி ரொட்டியை ஊறவைத்துக் கொடுப்பார். அவள் வாங்கிக்கொள்வாள். மிஷின் மட்டும் மூலையில் உஸ் உஸ் என்று பேசிக்கொண்டிருக்கும்.

வேறொரு ஊரில் இருந்த மகள் தினமும் போனில் கூப்பிடுவாள். “என்னப்பா, கார் வாங்கியாச்சா?” என்பாள்.

“உங்கம்மாவுக்கு விளையாட்டுச் சாமான் வேணுமாம். கேளு” என்று போனை மனைவியின் காதில் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விடுவார்.

ஒரு மத்தியானம். வெயில் உறைத்தது. அவர் இடது காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து மிஷினின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தவள் கூப்பிட்டாள்.

“ஏங்க.”

“சொல்லு.”

“நீங்க யாருக்கு வண்டி வாங்கறீங்க?”

“இதென்ன கேள்வி. உனக்குத்தான்.”

“நான் எத்தனை தடவை ஏறி உக்காரப் போறேன்?”

அவர் வடிகட்டியைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “வாய வச்சிக்கிட்டு சும்மா இரு.”

“வாய் ஒண்ணுதான் நல்லா வேலை செய்யுது. அதையும் சும்மா இருக்கச் சொல்றீங்க.” மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். “இங்க பாருங்க. கார் இல்லன்னாலும்… என்னை முதுகுல தூக்கிட்டாவது ஆஸ்பத்திரிக்குப் போயிருவீங்க. அது எனக்குத் தெரியும். அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் என்ன. ஒண்ணுமில்ல.”

“பொண்ணு இருக்கா. பேத்தி இருக்கா.”

“அவங்க வருவாங்க.”

“வருவாங்க. காரியம் முடிஞ்சதும் போயிருவாங்க. வாங்கப்பான்னு கூப்பிடுவா. நாளைக்கு வரேன்னு சொல்லுவீங்க. எனக்குத் தெரியாதா உங்க நாளைக்கு?”

அவருக்குப் பஸ் ஆகாது. ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்குவதற்குள் குடலைப் பிரட்டும். மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து எல்லாப் பயணமும் வெள்ளைக்காரிதான் போய் வந்தாள். பிரசவத்துக்கு, பேத்தியின் காய்ச்சலுக்கு, வீடு மாற்றுவதற்கு. அவர் வாசலில் நின்று ரஸ்க் பொட்டலத்தைக் கையில் கொடுத்து வழியனுப்புவார். பேத்தியின் முகத்தை அவர் நேரில் பார்த்ததைவிடப் போனில் பார்த்ததுதான் அதிகம். வேன் ஓட்டும்போது மட்டும் அந்தப் பிரட்டல் வந்ததில்லை. அதை வைத்து அவள் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறாள்.

“நீங்களே ஓட்டினா உங்களுக்குக் குமட்டாது” என்றாள் இப்போது. குரலில் கேலி இல்லை. “முட்டிக்கு கியர் வண்டி ஆகாது. அதான் அந்த வண்டி. எனக்குப் புடிச்சிருக்குன்னு சொல்லி உங்க தலையில கட்டிரலாம்னு பாத்தேன். நீங்க என்னடான்னா… சிலிண்டரைத் தூக்கிட்டு நிக்கறீங்க.”

“போதும்.”

“இந்த வீட்டுக்குள்ள உக்காந்து, டீயில ரொட்டியத் தொட்டுத் தின்னுக்கிட்டு, யாரு கதவைத் தட்டினாலும் தெறக்காம…”

“போதும்னு சொல்றேன்ல!”

வடிகட்டியைத் தரையில் அடித்துவிட்டு எழுந்தார். அவளிடம் அவர் குரல் உயர்த்தி எத்தனையோ காலமாகிவிட்டது. வாசலில் செருப்பைக்கூடத் தேடாமல் நடந்தார். கால்கள் பழக்கத்தில் பேக்கரியின் பின்சந்துக்கு இழுத்துப்போயின. அடுப்பின் முதுகுச் சுவர் அங்கேதான் வெளியே தெரியும். சுவரில் முதுகைக் கொடுத்து நின்றார். வெயிலிலும் சுவர் தனியாகச் சுட்டது. உள்ளே யாரோ புது ஆள் துடுப்பைத் தட்டில் இடிக்கும் சத்தம் கேட்டது. மாவு அறை ஜன்னல் மூடியே இருந்தது. பெண்கள் உள்ளே எதற்கோ சத்தமாகச் சிரித்தார்கள். சிரிப்பின் முடிவில் ஒருத்தி இருமினாள். அதைக் கேட்டதும்தான் அவருக்குக் கண்ணில் நீர் இறங்கியது. துடைக்காமல் நின்றார். அந்த வழியாக வந்த சைக்கிள்காரர், “என்னண்ணே, வேர்வையா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

திரும்பி வந்தபோது அவள் சாய்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். வடிகட்டி இல்லாமல் மிஷின் முக்கி முனகிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தரையிலிருந்து பொறுக்கித் துடைத்து, சத்தம் வராமல் மாட்டினார். பாத்திரங்களைக் கழுவினார். கழுவினதையே இன்னொரு தடவை கழுவினார்.

மறுநாள் தனியாகக் கொட்டகைக்குப் போனார்.

“சிலிண்டர் எங்கண்ணே?” என்றார் சாவி.

“வீட்ல இருக்கு. அந்த ரஸ்க் கலர் வண்டிய எடு. நான் ஓட்டிப் பாக்கணும்.”

“அதுல சிலிண்டர் நிக்காதுன்னு சொன்னீங்களே?”

“படுக்க வச்சுக்கறேன்.”

சாவிக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். வளையத்திலிருந்து அந்தச் சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, விலையைப் பற்றி அவர் வாய் திறப்பதற்குமுன் தானாகவே கொஞ்சம் இறங்கி வந்தார். அடுப்புக்காரர் பேரமே பேசவில்லை.

வண்டி வீட்டு வாசலுக்கு வந்தது. வெள்ளைக்காரி சுவரைப் பிடித்தபடி வந்து அதைச் சுற்றிப் பார்த்தாள். பானெட்டைத் தட்டினாள். “நல்லா வெந்திருக்கு” என்றாள். அவர் முன்கதவைத் திறந்து, “ஏறு” என்றார்.

“நான் அப்புறம் ஏறறேன். நீங்க மட்டும் ஒரு சுத்து போய்ட்டு வாங்க.”

“நீ இல்லாமலா?”

“நான் இல்லாமத்தான்.”

அவர் நின்றார். அவளும் நின்றாள். குழாய் வழியாகக் காற்று வரும் சத்தம் இருவருக்கும் நடுவில் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவர் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார். தெருமுனை வரைக்கும் கண்ணாடியில் அவள் தெரிந்தாள், ஒரு கை சுவரில், ஒரு கை சிலிண்டரில். முனை திரும்பியதும் கண்ணாடியில் வேறு யாருடைய வீடோ வந்தது. பக்கத்துச் சீட்டை அவர் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்தார். மார்க்கெட்டைச் சுற்றி, பள்ளிக்கூடத்தைச் சுற்றி, ஹாரன் அடித்தவர்களுக்கெல்லாம் வழி விட்டு, சட்டை முழுக்க வியர்த்துத் திரும்பி வந்தார். அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள். உட்கார ஸ்டூல் இருந்தும் உட்காரவில்லை.

“எதையாவது இழுத்துட்டு வந்தீங்களா?”

“இல்ல.”

“பந்தல் கிந்தல்?”

“இல்லங்கறேன்ல.”

“அப்ப சரி” என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். கட்டிலில் சாய்ந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது இருமலாலா அழுகையாலா என்று அவர் கேட்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

அதற்குப்பிறகு அவளும் ஏறினாள். சிலிண்டரைப் பின்சீட்டில் படுக்கவைத்து, பழைய போர்வையைச் சுற்றி, கயிற்றால் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மகள் ஊருக்கும் சில தடவை போனார்கள். வழியெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே வருவாள். இந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறை சுத்தம். அந்தப் பாலம் தாண்டினதும் இடது பக்கம் டீ நல்லா இருக்கும். இங்கே லாரி முந்தும், விட்டுடுங்க. அவர் தலையாட்டுவார். மகள் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தால் மகள் ஓடிவந்து அம்மா பக்கத்துக் கதவைத் திறப்பாள், கையைக் கொடுத்து மெதுவாக இறக்குவாள். பேத்தி தாத்தாவின் முதுகில் ஏறிக்கொள்வாள். தாத்தாவின் புருவம் ஏன் பாதி இருக்கிறது என்று கேட்டாள். “மீதிய ரொட்டில போட்டுட்டாரு” என்றாள் வெள்ளைக்காரி.

மழைக்காலம் முடிந்து பனி இறங்கியபோது அவளுக்கு முடியாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் பெரிய மிஷினில் வைத்திருந்தார்கள். பேச முடியவில்லை. கையால் ஸ்டீயரிங் திருப்புவதுபோலக் காட்டினாள். “வண்டி நல்லா இருக்கு. தினமும் ஸ்டார்ட் பண்றேன்” என்றார் அவர். அவள் தலையசைத்தாள். ஒரு காலையில், நர்ஸ் படுக்கை விரிப்பை மாற்ற வந்த நேரத்தில், அடுப்புக்காரர் டீ வாங்கப் போயிருந்தபோது அவள் மூச்சு நின்றுவிட்டது. டீ டம்ளரோடு வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

காரியமெல்லாம் முடிந்தது. மகள் கிளம்பும்போது, “எங்களோடவே வந்துருங்கப்பா” என்றாள்.

“நாளைக்கு வரேன்மா” என்றார் அவர். சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொண்டார்.

மகள் போனபிறகு அவர் கதவைச் சாத்தினார். மிஷினை ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுத்துப் போயிருந்தார்கள். வீட்டில் சத்தமே இல்லை. டீ போட்டார். ரொட்டியை நனைத்துத் தின்றார். யாரோ கதவைத் தட்டினார்கள், எழுந்திருக்கவில்லை. அப்படியே சில நாட்கள் போயின. ஒருநாள் காலை தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு, முகம் மழித்து, குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டைப் பூட்டினார். வண்டியின் மேல் தூசி கட்டியிருந்தது. கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு எடுத்தார்.

பாலம் தாண்டினதும் டீ குடித்தார். லாரிகளுக்கு வழி விட்டார். வண்டி எங்கேயும் மக்கர் பண்ணவில்லை. சூடாகவில்லை. மகள் வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார்.

மகள் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டே நேராக அம்மா பக்கம் போய்க் கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டினாள். நீட்டினபிறகுதான் சீட்டைப் பார்த்தாள். கை அப்படியே நின்றது. அடுப்புக்காரர் ஸ்டீயரிங்கை விடாமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவள் குனிந்து, உள்ளே யாரோ தூங்குவதைப்போல, சத்தம் வராமல் அந்தக் கதவைச் சாத்தினாள். காரைச் சுற்றி அவர் பக்கம் வந்தாள்.

“இறங்குங்கப்பா. சாப்பிடலாம்.”

அவர் இறங்கினார்.